முதல் வாய்ப் பால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம், அருப்புக்கோட்டையில் எனக்குத் தலைப்பிரசவம். மகனுக்குத் தொப்புளருகே வயிறு மூடாமல் குடல் வெளியே கிடந்தது. ஈரத்துணியைச் சுற்றி, வேனில் போட்டு மதுரைக்கு ஓடினோம். ஆபரேஷனில் குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். ஆனால் அது வேலை செய்யவில்லை. குழந்தை வெளிக்குப் போனால்தான் பிழைப்பான் என்றார் டாக்டர்.

தாய்ப்பாலில் ஒரு பவுடரைக் கலந்து சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். தயிரில் இருப்பதைப் போல நல்ல கிருமி அதில் இருக்கிறதாம். பவுடர் கடையில் கிடைத்தது. பால்தான் இல்லை. காய்ச்சலிலும் பயத்திலும் எனக்கு வற்றிப்போயிருந்தது.

பக்கத்துப் படுக்கையில் நரிக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் மகளுக்கும் வயிற்றில் ஆபரேஷன். பால் கொடுக்க இன்னும் அனுமதி இல்லை. மார்பு கட்டிக்கொள்ளாமல் இருக்க, பாலைப் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றுவாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஒருத்திக்குக் கொட்டுகிற அளவுக்கு இருக்க, இன்னொருத்திக்கு ஒரு சொட்டு இல்லையா?

நர்ஸ்தான் அவளிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"சும்மாதானக்கா கொட்டுறேன், ஒங்க மகன் குடிக்கட்டும்" என்றாள் என்னிடம்.

காலில் விழுந்திருக்க வேண்டும். நானோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பாலில் பவுடரைக் கலந்து, பாலாடையில் நர்ஸ் புகட்டினார். பெற்ற நான் வேடிக்கை பார்த்தேன்.

சில நாள் கழித்து, முகம் கழுவப் போயிருந்த என்னை அவள் கூப்பிட்டாள்.

"யக்கா, ஓடியாங்க. ஒங்க மகன் வெளிக்கிப் போயிட்டான்."

வார்டே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அதையும் இவள்தானா முதலில் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் எரிந்தது.

நாங்கள் கிளம்பும்போது அவள் மகளும் பால் குடிக்க ஆரம்பித்திருந்தாள். எனக்கும் பால் ஊறியிருந்தது. என் மகனை ஒரு தடவை தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கொடுத்தேன். அவன் கண்ணை மூடியபடியே அவள் மார்பில் முட்டி வாயைத் திறந்தான். வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர் பாலவனத்தத்தில் யார் கேட்டாலும், மதுரை டாக்டர் கொடுத்த பவுடர்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்றே சொல்லிவந்தேன். பவுடரா, பாலா என்று டாக்டருக்கே தெரியாதாம். பால் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம், முதல் வாய் அவள் கொடுத்தது என்ற நினைப்பு வரும். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அவள் நன்றாக இருக்க வேண்டுமென்று நான் கும்பிடாத நாளும் இல்லை.