ஆண் நேர்ஸும் கல்கத்தா மாமியார்களும்

கல்கத்தாவில் நான் ஒரு நேர்ஸ் என்று சொன்னால், கேட்பவர்கள் என் மனைவி கவிதாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் வங்கியில் வேலை செய்கிறவள் என்று விளக்கினால், அப்படியென்றால் நீங்கள் டொக்டர் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பவானிபூரில் எங்கள் கீழ்மாடியில் இருக்கும் காகிமா இந்த இரண்டாவது வகை. காகிமா என்றால் சித்தி. இங்கே அயலவர்களுக்கும் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். போன ஞாயிறு மீன் பையோடு படியேறும்போது என்னை மறித்துக்கொண்டார்.

"டாக்தார் பாபு, இந்த முட்டியக் கொஞ்சம் பாருங்க."

"காகிமா, நான் டொக்டர் இல்லை. நேர்ஸ்."

"சரி சரி, இருக்கட்டும். முட்டியப் பாருங்க."

மீன் பையைப் படியில் வைத்துவிட்டு முட்டியைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும். இப்போது சிரிப்புத்தான் வருகிறது. இந்த நாட்டின் நேர்ஸ் பதிவு கைக்கு வந்துவிட்டது, இனி யார் என்னவென்று கூப்பிட்டால்தான் எனக்கென்ன?

மட்டக்களப்பில் இந்தப் பிரச்சினையே இருந்ததில்லை. அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் பல வருடம் வேலை செய்தேன். என்னைப் போல ஆண் தாதிகள் நிறையப் பேர். நோயாளிகள் எங்களை 'சேர்' என்பார்கள், வயதானவர்கள் 'தம்பி' என்பார்கள், அதற்கு மேல் ஒருவரும் யோசிப்பதில்லை. பிறகு சென்னையில் ஒரு நண்பனின் கலியாணத்தில் கவிதாவைச் சந்தித்தேன். அவளுடையது மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் வேர் விட்ட தமிழ்க் குடும்பம். தமிழைவிட வங்காளத்தில்தான் வேகமாகச் சண்டை பிடிப்பாள். தாயை இழந்தவள், தகப்பனைத் தனியே விட்டு வரமாட்டாள். ஆகவே நான் வந்தேன்.

வந்து பெண் வீட்டில் குடியிருந்ததில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குத்தான் போவான், அதுதான் முறை. இங்கேயோ அதற்கு 'கொர்ஜாமாய்' என்று ஒரு பெயர், வீட்டோடு மாப்பிள்ளை. தேநீர்க் கடையில் அதைச் சொல்லும்போது எல்லோர் முகத்திலும் ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும். ஒருவன் வேலைக்குப் போகும் கொர்ஜாமாய் என்றால் பரவாயில்லை. வேலையில்லாத கொர்ஜாமாய் என்றால் சொல்லவே வேண்டாம். நானோ காலையில் மனைவியை மெட்ரோ வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, மாமனாரோடு உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது.

பதிவுக்கு விண்ணப்பித்து நீண்ட காலம் கழித்து நேர்ஸிங் கவுன்சிலிலிருந்து பதில் வந்தது. என் படிப்பெல்லாம் சரி, மகப்பேற்றுப் பயிற்சி மட்டும் போதாது என்றார்கள். எங்கள் நாட்டில் பிரசவம் மருத்துவமாதின் வேலை, நேர்ஸின் வேலை வேறு. இங்கே நேர்ஸ் என்றால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில் மேற்பார்வையின் கீழ் பிரசவங்களில் நின்று உதவி செய்து, குறையை நிரப்பிக்கொண்டு வா என்றார்கள். தர்மசாலை போல நடந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரி துர்க்கா பூஜை விடுமுறை வரைக்கும் எனக்கு இடம் கொடுத்தது. அதற்குள் முடிக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஊரில் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"கடல் தாண்டிப் போனது புள்ளப்பேறு பாக்கவா மனே?" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தா.

பார்க்க விட்டால்தானே! பிரசவ வார்டுக்குப் பொறுப்பான ஷிகா அக்காவை எல்லோரும் ஷிகாதி என்பார்கள். கறாரானவர், ஆனால் நியாயமானவர். ஒவ்வொரு முறையும் வாசலில் நிற்கும் குடும்பத்தாரிடம் போய், பயிற்சிக்கு ஓர் ஆண் நேர்ஸ் இருக்கிறார், உள்ளே நிற்கலாமா என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் மாமியார்தான் பதில் சொல்வார். முடியாது. ஒரு மாமியார் தலையில் கை வைத்தார். இன்னொருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, இவருக்கு வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று கேட்டார். இத்தனைக்கும் உள்ளே பிரசவம் பார்த்த டொக்டர் மீசை வைத்த ஆண். அவர் வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொல்வார்கள். நான் வார்டுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருப்பேன். மழை மாதம் முழுவதும் இப்படியே போனது.

"அட, விடுங்க. அந்த ஆஸ்பத்திரி இல்லேன்னா இன்னொண்ணு" என்றாள் கவிதா.

"இன்னொண்டுக்குத் திரும்பவும் ஒரு வருசம் காத்திருக்க வேணும்."

அவள் என் தட்டில் சோறு போட்டாள். ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று அன்றிரவு முதல்முறையாக நினைத்தேன். போனால் தனியேதான் போக வேண்டும் என்பதும் தெரிந்தது.

தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டத் தொடங்கிய நேரம் மௌமிதா வந்தாள். தலைப்பிரசவம். அன்றைக்கு டொக்டர் அறுவைச் சிகிச்சையில் இருந்தார். துணைக்கு ஒரு பெண் உள்ளே நிற்கலாம் என்பதால் மாமியாரும் கூடவே வந்துவிட்டார். கதவருகே கண்ணாடியும் வெள்ளை உடுப்புமாக நின்ற என்னைக் கண்டதும், "அப்பாடா, டாக்தார் பாபு வந்துட்டார்" என்று கும்பிட்டார்.

ஷிகாதி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நானும் திறக்கவில்லை. கையுறை போட்டேன், கட்டிலருகே போய் நின்றேன். எவ்வளவு சுலபமாக இருந்தது!

மௌமிதா மூச்சு வாங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "டாக்தார் பாபு, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?"

விபத்துப் பிரிவில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! பொய் சொன்ன வாயால் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"நான் டொக்டர் இல்லை. நேர்ஸ். பயிற்சிக்கு வந்திருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் போய்விடுகிறேன்" என்றேன், என் ஓட்டை வங்காளத்தில்.

ஷிகாதி நெற்றியில் அடித்துக்கொண்டார். மாமியார் கத்தத் தொடங்கினார். ஆம்பிளை நர்ஸா, ஐயையோ, எங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்ததுண்டா, இவரை முதலில் வெளியே அனுப்புங்கள் என்று சுவர் அதிரச் சத்தம். நான் கையுறையைக் கழற்றப் போனேன். அப்போது அடுத்த வலி வந்தது. மௌமிதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த வலி அடங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு தெளிவாகச் சொன்னாள்:

"மா, துமி பாய்ரே ஜாவோ. உனி தாகுன்."

அம்மா, நீ வெளியே போ. இவர் இருக்கட்டும்.

ஷிகாதி மாமியாரைத் தோளில் பிடித்து மெல்ல வெளியே கொண்டுபோய் விட்டார். அந்தி சாயும் நேரம் பெண் குழந்தை பிறந்தது. ஷிகாதி சொல்லச் சொல்ல நான் செய்தேன். வெளியே குழந்தையை ஏந்திக்கொண்டு போனபோது மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அதுவே போதும்.

மறுநாளிலிருந்து ஷிகாதி வாசலுக்குப் போகவில்லை. கட்டிலில் இருப்பவளிடமே கேட்டார். "இத்தனை நாள் இது எனக்கேன் தோணல?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். வேண்டாம் என்றவர்களும் உண்டு, அவர்கள் விருப்பம் அது. சரி என்றவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பந்தலில் மேளம் தொடங்குவதற்குள் என் குறை நிரம்பிவிட்டது. குளிர்காலத்தில் பதிவுச் சான்றிதழ் வந்தது. மாமா அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, நேரே இனிப்புக் கடைக்குப் போனார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது கவலை அழுகை இல்லை. இரண்டு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் விட்ட மூச்சு.

அதே ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. விபத்துப் பிரிவு கேட்டேன், ஷிகாதி விடவில்லை. பதிவு பெற்ற நேர்ஸாக என் முதல் பிரசவத்தில் சிக்கல் ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பெண் களைத்துவிட்டாள். தலை தெரிகிறது, அவளுக்கு இனி முடியவில்லை. நான் படித்து வைத்திருந்த வங்காளச் சொற்கள் எல்லாம் அந்த நேரம் எங்கேயோ ஓடிவிட்டன.

"முக்கு புள்ள, முக்கு! இந்தா வந்திட்டு, இன்னும் கொஞ்சம்!"

அவள் என்னைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினாள். பிள்ளை என் இரண்டு கைகளுக்குள் வந்து விழுந்து வீரிட்டது. "வந்திட்டீங்களா ராசா, வாங்க வாங்க" என்று நான் அதனிடமும் தமிழில்தான் கதைத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஷிகாதி சிரித்தபோதுதான் கவனித்தேன். தாயின் நெஞ்சில் பிள்ளையைக் கிடத்தினேன். அவள் அதன் காதருகே குனிந்து வங்காளத்தில் ஏதோ சொல்ல, பிள்ளை அழுகையை நிறுத்தி, முதலில் கேட்ட குரல் எங்கே என்பதுபோல என் பக்கம் முகத்தைத் திருப்பியது.