மூன்று பேரின் சராசரி

என் மகன் அமெரிக்காவின் மேற்கில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வேலை பார்க்கிறான். போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடுவான். அவனுக்கு அது சனிக்கிழமை மாலை. சராசரியாகப் பதினொரு நிமிடம் பேசுவோம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் சரக்கு எண்ணியவன் நான். எண்ணாமல் இருக்க எனக்கு வராது.

சென்ற ஆண்டு அவன் ஒரு யோசனை சொன்னான். அடுத்த அக்டோபரில் பத்து நாள் மியூல் டியர் வேட்டைக்குப் போகலாம். கழுதைக்கு இருப்பதுபோல் நீண்ட காது உள்ள மலை மான் அது. "நீங்களும் வாங்கப்பா. மாமாவையும் கூட்டிட்டு வாங்க."

அவன் மாமா என்றது என் மனைவியின் தம்பியை. எனக்கு மச்சான். அறுபத்தேழு வயது, என்னைவிட நான்கு வயது இளையவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இளவயதில் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் எஸ்டேட்டுகளுக்குப் பன்றி வேட்டைக்குப் போன கூட்டத்தில் சுமை தூக்கியிருக்கிறார். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

திட்டமிடல் ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. மகன் அனுப்பிய வரைபடத்தை ஒன்பது தாள்களில் அச்சிட்டு ஒட்டினேன். அங்கே மலைகளில் பெரும்பகுதி பொது நிலம். யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கூடாரம் போடலாம். இடையிடையே தனியார் பண்ணைகள். அவற்றில் கால் வைக்கக் கூடாது. இங்கே அரசு நிலத்தில் விழுந்து கிடக்கும் ரம்புத்தான் பழத்தைப் பொறுக்கவே நான்கு பக்கமும் பார்க்கிற நான், அந்தப் பொது நிலத்தை ஏக்கர் ஏக்கராகக் கூட்டினேன். சாலையிலிருந்து கூடாரம் ஆறரை கிலோமீட்டர். ஓடைகள் நான்கு, அதில் ஒன்று அக்டோபரில் வற்றிவிடும். ஒரு மானின் பின்னங்கால் எலும்போடு பதினெட்டு கிலோ. முழு மானையும் சாலைக்குக் கொண்டுவர ஆளுக்கு எத்தனை நடை என்று எல்லாம் எழுதினேன்.

மச்சான் எதையும் எழுதவில்லை. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு கைப்பேசியில் மகனிடம் பேசினார்.

"வெயில் ஏறினா காத்தும் மேல ஏறும்டா. நாம மேல இருந்துதான் பாக்கணும். கீழ உக்காந்தா நம்ம வேர்வ நாத்தம் அதுக்குப் போயிரும்."

"அப்பாவ எங்க உக்கார வைக்கலாம் மாமா?"

"உங்கப்பாவ மானுக்குப் பக்கத்துலயே விட்டுருவோம். கால் எத்தனை, காது எத்தனைன்னு எண்ணி முடிக்கிறதுக்குள்ள அது சலிச்சுப்போய்ச் செத்துரும் லா."

மகன் அவ்வளவு சிரித்து நான் கேட்டதில்லை. அன்று அழைப்பு முப்பது நிமிடம். என்னோடு நான்கு, மாமாவோடு இருபத்தாறு. அடுத்த வாரம் மூன்று, முப்பத்தொன்று.

வேட்டைக்கு உரிமம் குலுக்கலில்தான் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் கிடைக்காதவர்களுக்கு ஒரு புள்ளி சேரும். புள்ளி அதிகம் இருந்தால் முன்னுரிமை. மகனிடம் ஆறு புள்ளிகள் இருந்தன. எங்கள் இருவருக்கும் பூஜ்யம். குழுவாக விண்ணப்பித்தால் எல்லாருடைய புள்ளிகளையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். அந்த மலைப் பகுதிக்கு முந்தைய ஆண்டு மூன்று புள்ளி தேவைப்பட்டிருந்தது. ஆறை மூன்று பேருக்கு வகுத்தால் இரண்டு. இரண்டு பேருக்கு வகுத்தால் மூன்று.

இதை முதலில் கண்டுபிடித்தது நான். மகனுக்குக் கணக்குப் போடும் பொறுமை கிடையாது. விண்ணப்ப வேலையை என்னிடமே விட்டிருந்தான். கிழவர்கள் இருவரில் ஒருவர்தான் போக முடியும். யார் என்று நான் யோசிக்கவே இல்லை. மகனோடு பத்து நாள் ஒரே கூடாரம். இருநூற்று நாற்பது மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்தைக்கூட இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மச்சானிடம் சராசரியைப் பற்றிச் சொல்லவில்லை. "உங்களுக்கு மலை ஏற முடியுமான்னு பையன் சோதிச்சுப் பாக்கச் சொன்னான்" என்று பொய் சொன்னேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக் பன்னிரண்டு மாடி. தரையிலிருந்து உச்சிக்கு நூற்றெழுபத்தாறு படிகள். ஐந்து கிலோ அரிசிப் பைகள் மூன்று, ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல்கள் இரண்டு: பதினெட்டு கிலோ. ஒரு முதுகுப்பையில் அடைத்து அவர் தோளில் மாட்டிவிட்டேன். மூன்று முறை ஏற வேண்டும் என்றேன். நான் லிஃப்டில் ஏறி, இரண்டு மாடிக்கு ஒருமுறை இறங்கி, கையில் கடிகாரத்தோடு அவருக்காகக் காத்திருந்தேன்.

முதல் முறை ஒன்பது நிமிடம். உச்சியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டாம் முறை ஆறாம் மாடியில் சிரிப்பு இல்லை. உதடு வெளுத்திருந்தது.

"கொஞ்சம் உக்காந்துக்கவா அத்தான்?"

"மலையில நாற்காலி போட்டு வச்சிருக்க மாட்டாங்க மச்சான். ஏறுங்க."

எட்டாம் மாடியில் முழங்கால் மடங்கி, பையோடு படியில் சரிந்தார். நான் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு. அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் பையைக் கழற்றினேன். வீட்டுக்குக் கூட்டி வந்தபோது என் மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் தம்பியக் கொன்னுட்டுத்தான் மானக் கொல்லப் போறீங்களா?"

மச்சான் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "அத்தான் மேல தப்பு இல்லக்கா. எனக்குத்தான் முடியல" என்றார். கண் கலங்கியிருந்தது. "நான் வரலன்னு பையன்கிட்ட நீங்களே சொல்லிருங்க அத்தான். நான் சொன்னா அழுதுருவேன்."

எனக்கு வேண்டியதும் அதுதான். சராசரியைக் கேட்டதும் மாமா தானாகவே விலகிக்கொண்டார் என்று மகனிடம் சொன்னேன். இரண்டு பேருக்கு விண்ணப்பித்தேன்.

முடிவு வந்த ஞாயிறன்று மச்சானும் நானும் தேக்கா சந்தையில் காலைப் பசியாறிக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் மகனின் முகம் வந்தது.

"கிடைச்சிருச்சுப்பா! ரெண்டு பேருக்கும்! மாமா இருக்காரா?"

மறைக்க வழியில்லை. கைப்பேசியை நீட்டினேன்.

"மாமா, தேங்க்ஸ் மாமா. நீங்க விட்டுக்குடுக்கலன்னா ஆவரேஜ் ரெண்டுக்குப் போயிருக்கும். சான்ஸே இல்ல."

மச்சான் கையில் இருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தார். "வயசாச்சுடா, மறந்துபோச்சு. அந்த ஆவரேஜ் கதைய இன்னொரு தடவ சொல்லு."

மகன் சொன்னான். ஆறு புள்ளி, மூன்று பேர், இரண்டு பேர், எல்லாம்.

"சரி லா. பெரிய கொம்பா பாத்துச் சுடு" என்று சொல்லிக் கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அப்ப படி எதுக்கு அத்தான்?"

"உங்க உடம்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதானே?" என்றேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. பையனோட நீங்க இருக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

கொடுத்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். அவர் கொடுத்து நான் போனால், அந்தக் கூடாரத்திலும் மகன் மாமாவின் நல்ல மனதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பான். அவர் முடியாமல் விழுந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை என்று நினைத்தேன். கோப்பையில் தே ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன். எழுந்து கை கழுவப் போனவர், அப்படியே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பின் பதினான்கு ஞாயிறுகள் கடந்துவிட்டன. அவர் வரவில்லை. மகன் கூப்பிட்டால் முதலில் மாமாவைத்தான் கேட்கிறான். வெளியே போயிருக்கிறார் என்று சொல்கிறேன். பேச்சு மறுபடியும் பதினொரு நிமிடத்துக்கு வந்துவிட்டது. மாலையில் மலைக் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு நாள் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மனைவி தினமும் தம்பி வீட்டுக்குப் போய் வருகிறாள். அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

அடுத்த மாதம் புறப்படுகிறேன். அதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் அதையும் கொடுத்துவிடுவார்.