அழவைக்க வந்தவர்

எண்பதுகளில் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு டிவி நாடகம் எடுக்க வந்தார்கள். நடித்த சின்னப்பெண்ணை அழவைப்பதற்கென்றே அவர்களில் ஒருவர் இருந்தார். சந்தனப் பொட்டு, சாந்தமான முகம். சும்மா இருக்கும்போதெல்லாம் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வார். தொடையில் கிள்ளினால் தடம் விழக் கூடாதாம்.

"ஏங்க, கண்ணில் கிளிசரின் போடலாமே?" என்றேன்.

பதறிவிட்டார். "பச்சப் புள்ளைங்க! கண்ணு எரியும்ல? நமக்கு மனசு கேக்காதுங்க."

ஷாட் முடிந்ததும் ஒரு மிட்டாயை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததுமே குழந்தை வீறிட்டு அழுதது.

"அழுதுகினு இருக்குது, சீக்கிரம் எடுங்க! கிள்ளவே வேணாம்" என்று கேமராமேனைக் கூப்பிட்டார்.

நாடகம் வந்த அன்று எங்கள் பிளாக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமா நடிக்குது!" என்றது. கடைசியில் ஓடிய பெயர்களில், 'அழவைத்தவர்' என்று மட்டும் யாரையும் போடவில்லை. அநியாயம்.