'பழசு' என்று ஒரு ஃபோல்டர்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு பட்டறை. மோட்டாருக்குப் போகும் இரும்பு வளையங்கள் செய்கிறார்கள். வளையத்தில் விரிசல் இருந்தால் கேமராவில் பார்த்துத் தள்ளிவிடும் மெஷின் ஒன்றை அவர்களுக்காகச் செய்தேன். இருந்த வேலையையும் விட்டுவிட்டு எட்டு மாதம் மெனக்கெட்டேன். அன்று பதினோரு மணிக்கு, வளையம் வாங்கும் கம்பெனியின் அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால்தான் மெஷின் அங்கே இருக்கும். இல்லையென்றால் நான் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டிலிருந்து பழைய மேனேஜருக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதுதான்.

ஒன்பது மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். மெஷினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் எழுந்தது, என் புரோகிராம் எழவில்லை. கிராபிக்ஸ் கார்டை ஓட்டும் டிரைவர் ஒரு வெர்ஷன், அதோடு சேர்ந்து ஓட வேண்டிய லைப்ரரி ஃபைல் வேறு வெர்ஷன் என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. முந்தின நாள்தான் டிரைவரைப் புதுசாக்கியிருந்தேன். அதை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே வரி. ரீஸ்டார்ட் செய்தேன். அதே வரி.

வளையங்களைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, பொட்டி பேஜார் பண்ணுதா?"

"நீங்க வேற ஏன்க்கா!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் தன் வளையக் குவியலுக்கே திரும்பிப் போய்விட்டார்.

அந்தப் பட்டறையில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். அறுந்த பெல்ட், தேய்ந்த டிரில் பிட் எல்லாம் மெஷின் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் கிடக்கும். எதுக்காவது ஆகும் என்பார்கள். அதைப் பார்த்து எத்தனையோ நாள் கிண்டலடித்திருக்கிறேன்.

லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறது என்று புரோகிராமிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு. அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பத்தே காலுக்குத்தான் புத்தி வந்தது. வந்த பதிலைப் பார்த்ததும் முகம் சுட்டது. 'பழசு' என்று நானே பெயர் வைத்த ஃபோல்டர்! ஓடிக்கொண்டிருந்த லைப்ரரி எதற்காவது ஆகும் என்று ரெண்டு மாதத்துக்கு முன்னால் அதில் ஒரு நகல் எடுத்து வைத்து, முதலில் இங்கே தேடு என்று புரோகிராமைக் கிளப்பும் ஸ்கிரிப்டில் ஒரு வரியும் சேர்த்து, சுத்தமாக மறந்திருந்தேன். டிரைவரை நூறு தடவை போட்டாலும் என் புரோகிராம் அந்தப் பழசைத்தான் எடுத்திருக்கும்.

வரியை அழித்தேன். ஃபோல்டரையும் அழித்தேன். திரையில் வளையம் பளிச்சென்று வந்தது. "அக்கா, வாங்க!" என்று கத்திய கத்தலில் லேத்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி வந்தார். விரிசல் விட்ட ஐந்து வளையங்களை நல்லவற்றோடு கலந்து கொட்டினார். மெஷின் ஆறு வளையங்களைத் தள்ளியது.

"நல்லதையும் சேத்துத் தள்ளுதே," என்றார்.

அக்கா அந்த ஆறாவதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இங்க பாருங்க. முடி கணக்கா ஒரு விரிசல் கீது."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நல்லது என்று அவரே மார்க் செய்து கொண்டுவந்த வளையம் அது.

"மெஷின் இங்கேயே இருக்கட்டும்," என்றார். அவர் எதிரிலேயே கைதட்டிவிட்டேன். கொஞ்சமும் வெட்கமாக இல்லை.