அஞ்சம்மாள் ஓட்டுக்குக் காவல்

பெயர் சேர்க்கப் போனால் நாய் குரைக்கும், பெயர் நீக்கப் போனால் ஆள் குரைப்பார். இதுதான் பூத் லெவல் ஆபீசர் உத்தியோகம். ஆபீசர் என்றதும் யாரும் ஜீப்பைத் தேட வேண்டாம். நான் அங்கன்வாடி டீச்சர். கும்பகோணத்திலிருந்து வரும் டவுன் பஸ் அதற்கு மேல் ரோடு இல்லாமல் திரும்புகிற ஊர் எங்களுடையது. காலையில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு, மதியம் முட்டை, மிச்ச நேரத்தில் ஊர்க்காரர்களின் ஓட்டு. பதினெட்டு வயது ஆனவரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், செத்தவரை எடுக்க வேண்டும், தேர்தலுக்கு முன்னால் வீடு வீடாக பூத் சிலிப் கொடுக்க வேண்டும். இதே பாரம் தலையில் ஏறிய சத்துணவு அமைப்பாளர்களே, வாத்தியார்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

விரலைத் தூக்கிய கூட்டம்

எல்லோரையும் ஓட்டுப்போட வைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வரும். நாங்களும் கோலம் போடுவோம், உறுதிமொழி எடுப்போம், வெயிலில் கைகோத்து நிற்போம். போட்டோ நன்றாக வரும். ஆனால் எங்கள் ஊரில் ஆட்களை பூத்துக்குக் கொண்டுவந்தது அஞ்சம்மாள்தான். நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவள். தேர்தல் அன்றைக்கு பம்புசெட் வயலில் நடவு இருந்தாலும் தன் ஆட்களோடு விடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். சேறு படுவதற்கு முன்னால் ஓட்டு. இடது கையில்தான் நாற்றுமுடியைப் பிடிப்பார்கள், மை வைப்பதும் இடது கையில்தான். அதனால் மை காயும்வரை யாரும் நாற்றைத் தொடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். விரலைத் தூக்கிக்கொண்டே வரப்பில் வரிசையாக நடந்து போவார்கள். ஓட்டுப் போடாதவளுக்கு அன்றைக்கு நடவு வரிசையில் இடம் கிடையாது.

அவள் புருஷன் கலியபெருமாள் அண்ணன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். கூட்டத்துக்குக் கடைசியில் அவள் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு ஒரே ஒரு குறை. எந்தச் சின்னத்தில் போட்டாய் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்பார், அவள் வாயே திறக்க மாட்டாள். ஒருமுறை என்னிடமே வந்து முறையிட்டார். ரகசிய வாக்கெடுப்பு அண்ணே, சொல்லத் தேவையில்லை என்றேன். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ரகசியம்லாம் ஊருக்கு டீச்சர். தாலி கட்டுனவன்கிட்ட என்ன ரகசியம்?”

பக்கத்துப் பக்கத்தில்

போன வருஷம் நடவு வயலிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள் அஞ்சம்மாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. கையில் பிடித்திருந்த நாற்றுமுடியை ஆட்டோவில் வைத்துத்தான் பிரித்து எடுத்தார்களாம். நான் அன்றைக்கு அழுத அழுகை என் சொந்தத்துக்குக்கூட அழுததில்லை.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் விட்டு, நீக்கல் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஊரில் நம்மை எமனுக்குக் கணக்கப்பிள்ளை என்று பேசுவது சும்மா இல்லை. கலியபெருமாள் அண்ணன் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், படிவத்தை மட்டும் வாங்கவில்லை. இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்றேன். இருக்கிறது, தரமாட்டேன் என்றார். பட்டியலைக் காட்டச் சொன்னார். புருஷன் படம், அதை ஒட்டி பெண்டாட்டி படம். அவள் அதில் முறைத்துக்கொண்டு இருந்தாள். போட்டோக்காரன் வெயிலில் நிற்கவைத்து எடுத்தது. அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டுச் சொன்னார்:

“ரேஷன் கார்டுல எடுத்தாச்சு, நூறு நாள் வேலையில எடுத்தாச்சு. இது ஒண்ணுலயாவது அவ என் பக்கத்துல இருந்துட்டுப் போவட்டும்.”

கடல் தாண்டியவன்

இப்படி இவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிவாசல் தெருவில் ஒரு தாயார். மகன் வளைகுடாவுக்குப் போய்ப் பல வருஷம். நடுவில் ஒரு தடவை வந்து நிக்காஹ் முடித்துக்கொண்டு போனவன்தான். அவன் பெயரை இங்கே வைத்திருப்பதா, எடுப்பதா என்று விசாரிக்கப் போனேன். என்ன விதி, என்ன படிவம் என்றெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அந்தம்மா எனக்கு இஞ்சி டீ கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“புள்ளய அனுப்புனது பத்தாதாம்மா, பேரையும் அனுப்பிடணுமா?”

பயமுறுத்தல்

தாலுகா ஆபீசில் பயிற்சி. செத்தவர் பெயர் பட்டியலில் கிடப்பது தாழ்ப்பாள் போடாத வீடு மாதிரி, எவன் வேண்டுமானாலும் நுழைவான் என்று அதிகாரி எங்களைக் காய்ச்சி எடுத்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் நான் நேராகக் கலியபெருமாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போடாவிட்டால் எவளாவது வந்து அண்ணி பெயரைச் சொல்லி கள்ள ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவாள், அப்புறம் வருத்தப்படாதீர்கள் என்று பயமுறுத்தினேன். மனிதர் பயந்து படிவத்தை வாங்கிவிடுவார் என்று என் கணக்கு. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

“அவ பேரச் சொல்லிக்கிட்டு இன்னொருத்தியா? வந்து பாக்கட்டும்.”

புங்கமரத்தடி

நோட்டீஸ், விசாரணை என்று இழுத்துப் பெயர் நீங்குவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. பட்டியலில் அதற்கு மேல் கை வைக்க முடியாது. ஓட்டு அன்றைக்கு நான் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு வரிசை எண் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கலியபெருமாள் அண்ணன் முதல் ஆளாக ஓட்டுப் போட்டார். போட்டவர் வீட்டுக்குப் போகவில்லை. போலீஸ்காரம்மா விரட்டியதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புங்கமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்பிள்ளையையும் ஏற இறங்கப் பார்க்கிறார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கிட்டே போய், இறந்தவர்கள் பெயரையெல்லாம் தனியாகக் குறித்து உள்ளே கொடுத்திருக்கிறோம், யாரும் அண்ணி ஓட்டைத் தொட முடியாது, எழுந்து போங்கள் என்றேன். அவர் நகரவில்லை.

அப்போது கட்சிக்காரர் ஒருவர் இளநீரோடு வந்து அவர் பக்கத்தில் குந்தினார். எதற்கு ஒரு ஓட்டை வீணாக்க வேண்டும், நீங்கள் உம் என்றால் நம் வீட்டுப் பெண் ஒன்றை வைத்துப் போட்டுவிடலாம், அண்ணி ஆத்மாவும் சாந்தியடையும் என்று குழைந்தாராம். அண்ணன் இளநீரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்ன பதில் என் மேசைவரை கேட்டது.

“அவ எதுல போடுவான்னு கட்டுன எனக்கே தெரியாது. ஒனக்கு எப்புடிய்யா தெரியும்?”

நடவு வயல்

மதியம்வரை அஞ்சம்மாளின் ஆட்களில் ஒருத்திகூட வரவில்லை. அவள் போன பிறகு அந்தக் கூட்டத்தைக் கூட்டுவாரில்லை. ஆளாளுக்கு ஒரு மேஸ்திரி. காலையிலேயே சேற்றில் இறங்கிவிட்டார்கள், வேலை முடிந்து குளித்துவிட்டு வருவதற்குள் பூத்தை மூடிவிடுவோம். மேசையை விட்டுவிட்டு நான் வயல்வரை போக முடியாது. அவர்களைக் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரே ஆள் புங்கமரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். போய்க் கேட்டேன். வயலைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். நான் போன நேரம் பார்த்து எவளாவது வந்துவிட்டால் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னார். நடுரோட்டில் அவர் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

கொஞ்ச நேரத்தில் வரப்பு மேல் வரிசையாக வந்தார்கள். பம்புசெட் தொட்டியில் கால் கழுவி, கை கழுவி, ஈரப் புடவையோடு. அண்ணன் கடைசியில் வந்தார், யாருடையதோ ஒரு தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு. மை வைத்த விரலைத் தூக்கிக்கொண்டே அவர்கள் திரும்பிப் போனபோது எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. அண்ணன் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று அவர்களில் வள்ளி என்பவளிடம் கேட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:

“அஞ்சம்மா ஓட்டு ஒண்ணு சும்மா கெடக்குது, ஒங்களுதும் கெடக்கணுமான்னு கேட்டாரு டீச்சர். அதுக்கு மேல எப்புடி நாத்தத் தொடுறது?”

வராதவள்

சாயங்காலம் கேட்டைச் சாத்தினோம். அண்ணன் எழுந்து துண்டை உதறினார். யாராவது வந்தார்களா என்று கேட்பார், இல்லை என்று நல்ல சேதி சொல்லலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. சாத்திய கேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

ரிசல்ட் வந்து, வெடி வெடித்து, ஊர் அடங்கிய பிறகு ஒருநாள் அங்கன்வாடிக்கு வந்தார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மடியிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்து, அந்தப் படிவத்தைக் கொடுங்கள் என்றார். அவசரமில்லை அண்ணே, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன் என்று நானே உளறினேன். அவர் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மூட்டை தூக்கிக் காய்த்த கையால் பிள்ளைகள் விழிக்காதபடி பேனாவை மெதுவாக மேசையில் வைத்தார். நான் மறுபடி அந்தக் கள்ள ஓட்டுப் பேச்சையே எடுத்தேன். அன்றைக்கு முழுக்க நீங்கள் காவல் இருந்தீர்களே, யாரும் வரவில்லையே, அண்ணி ஓட்டு பத்திரமாகத்தானே இருந்தது என்றேன்.

“யாரும் வரல டீச்சர். அவளும் வரல. எடுத்துடுங்க.”

எல்லாப் பயிற்சியிலும் ஆளை ஓட்டுப்போட வரவழைப்பது எப்படி என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள், இனி வரமாட்டாள் என்று ஒரு மனுஷனிடம் சொல்வது எப்படி என்பதற்கு இன்னும் பயிற்சி வைக்கவில்லை.