வெளிக்கிடுவம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு சிவகுருநாதனுடையது. ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிராணி; யாழ்ப்பாணத்துக்காரர். பிரசவத்துக்கு ஊருக்குப் போன மனைவி, சண்டை மூண்டதும் அங்கேயே மாட்டிக்கொண்டாள். மனிதருக்கு இங்கே இருந்த ஒரே துணை ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் பழனியப்பன்.

ஜப்பான்காரன் ஆட்சியில் ஊரே மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நின்ற 1943இல், இந்த இரண்டு பேரும் மீன் பிடிக்கப் போகத் திட்டம் போட்டார்கள். கோலா குபு வரை ரயில், அப்புறம் காட்டாற்றில் படகு. படகென்றால் மூங்கில் சட்டத்தில் கித்தான் போர்த்தியது. மடித்துத் தோளில் போடலாம். தூண்டில் முள்ளில் கோழி இறகைக் கட்டித் தண்ணீர் மேல் வீசினால், பூச்சியென்று கெலா மீன் ஏமாறுமாம். யாரோ துரையிடம் கற்ற வித்தை. சுமை குறைய வேண்டுமென்று சிவகுருநாதன் கரண்டிக் காம்பைக்கூடப் பாதியாக வெட்டினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

யாழ்ப்பாணத்தார் புறப்படுவதை 'வெளிக்கிடுவது' என்பார்கள். எங்களுக்கோ அது கக்கூஸ் பேச்சு. "ஞாயிறு விடிய வெளிக்கிடுவம்" என்று இவர் சொன்னால் போதும், பழனியப்பன் தன் பித்தளைச் செம்பை நீட்டுவான்.

"கிராணியாரு வெளிக்கிக் கெளம்பிட்டாரு லா, வழிய விடுங்க."

அந்த ஞாயிறு வருவதற்குள், சயாமில் தண்டவாளம் போட அவனை ஜப்பான்காரன் ஏற்றிப் போய்விட்டான்.

சிவகுருநாதன் பயணத்துக்குக் கட்டிவைத்த மூட்டையைப் பிரிக்கவில்லை. சாயங்காலமானால் தனியாக உட்கார்ந்து இறகு கட்டுவார், இரண்டு பேருக்கும் சேர்த்து. "அவன் வரட்டும், வெளிக்கிடுவம்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும். பாவமாகவும் இருக்கும்.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து வாசு என்பவன் வந்தான். அங்கே நோயாளிக் கொட்டகையில் வேலை பார்த்தவன். பழனியப்பன் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனதாகச் சொன்னான்.

"கடைசியா ஏதும் சொன்னவனோ?" என்று கேட்டார் சிவகுருநாதன்.

வாசு கூச்சப்பட்டான். "என்னத்த சொல்றது கிராணியாரே. 'வெளிக்கிடுவம், வெளிக்கிடுவம்'னே பொலம்புனாரு. நானும் ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டுப் போயி கக்கூஸ் குழி ஓரமா ஒக்கார வெச்சேன். இல்லன்னு தலைய ஆட்டுவாரு. திரும்பப் படுக்க வெச்சா மறுபடியும் அதே பேச்சு."

சிவகுருநாதன் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். வாசு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

ஞாயிறு விடியற்காலையில் கித்தான் படகைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் என் வாசலைத் தாண்டிப் போனார். கரண்டிக் காம்பையே வெட்டிய மனிதர், கையில் பழனியப்பன் விட்டுப்போன பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டிருந்தார்.