பத்தொன்பதாம் மாடிக்குப் போன மாடு

மாட்டை லிஃப்டில் ஏற்ற இங்கே மலேசியாவில் எந்த அடுக்குமாடிக் கொண்டோ மேனேஜ்மென்டும் விடாது. நம் ஆட்கள் என்னைத் தேடி வருவது அதனால்தான். புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போக வேண்டும்; நிஜ மாடு போக வழியில்லாத வீட்டுக்கு நான் வரைந்த மாடு போகும். கிள்ளானில் என் சமையலறை மேசைதான் பட்டறை என்றாலும், ஒரு மாட்டையும் நான் கற்பனையில் வரைந்ததில்லை. செமினியில் மாடு வளர்க்கும் அங்கிள் ஒருவரின் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கொசுக்கடியோடு, மாட்டின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைவேன். காது கிழிந்திருந்தால் படத்திலும் கிழிந்த காதுதான். “அச்சு அசலா இருக்கும்மா” என்பார் அங்கிள்.

போன வருடம் என் ஓரகத்தி பிரிக்ஃபீல்ட்ஸில் கொண்டோ வாங்கினாள். பத்தொன்பதாவது மாடி. நான் இன்னும் வாடகை வீட்டில். வயிறு எரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நன்றாகவே எரிந்தது. ஒரே ஆறுதல், அந்த வீட்டுக்குள் முதலில் போகப்போவது என் மாடு. அவள் கேட்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. கொட்டகையிலேயே லட்சணமான செவலைப் பசுவையும் அதன் கன்றையும் வரைந்தேன். முடி முடியாக வரைந்தேன். அவளும் கொஞ்ச நாளாகப் படம் வரைகிறாள் என்று கொழுந்தன் சொல்லியிருந்தார். ஏதோ பூ, பட்டாம்பூச்சி வரைந்து பொழுதைப் போக்குகிறாள் என்று விட்டுவிட்டேன்.

புதுமனை புகுவிழா அன்று படத்தைப் பழைய சேலையில் சுற்றி, கொமுட்டர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். லிஃப்ட் திறந்தது. அவள் வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு மாடு மாலையோடு சாய்ந்திருந்தது. அதே செவலை. அதே கன்று.

“அக்கா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நானே வரைஞ்சிட்டேன் லா! அங்கிள்கிட்டகூட, உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லிட்டேன். எப்படி, சர்ப்ரைஸ்!”

அடிப்பாவி, என் கொட்டகைக்கே போயிருக்கிறாள்!

குற்றம் கண்டுபிடிக்கத்தான் குனிந்தேன். கிடைத்தது. கால்கள் ஆட்டுக்கால் மாதிரி இருந்தன. ஒரு கொம்பு மேலே, ஒரு கொம்பு கீழே. மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அப்புறம் முகத்தைப் பார்த்தேன். மடியை முட்டும் கன்றை அந்தப் பசு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் இருந்த ஈரத்தை எந்தக் கலரில் கொண்டுவந்தாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நான் வரைந்த மாடுகளெல்லாம், அசையாதே என்று யாரோ சொன்னதுபோல நேராகத்தான் நிற்கும்.

அங்கிளும் விசேஷத்துக்கு வந்திருந்தார். படத்தின் முன்னால் நின்றவர் அங்கே இங்கே நகரவில்லை. “யாராவது மை வச்சிருக்கீங்களாம்மா?” என்றார். ஓரகத்தி ஓடிப்போய்த் தன் மை டப்பாவைக் கொண்டுவந்தாள். அவர் விரலில் தொட்டு, படத்துப் பசுவின் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்.

“இல்லாட்டி கண்ணு பட்டுடும்.”

கொட்டகையில் மனசுக்குப் பிடித்த மாடு கன்று போட்டால் அப்படித்தான் வைப்பார். என் படம் ஒன்றுக்கும் இதுவரை வைத்ததில்லை. எல்லோரும் கைதட்ட, கொழுந்தன் அந்த மாட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினார்.

“அதென்னக்கா கையில?” என்று கேட்டாள் ஓரகத்தி.

“முகம் பாக்குற கண்ணாடி. உனக்குத்தான் வாங்கினேன், வர்ற வழியில கீறல் விழுந்திருச்சு. மாத்திக் கொண்டாரேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்து என் மாட்டைச் சுவரில் சாய்த்தேன். கால்கள் நான்கும் கச்சிதம். கொம்பில் குறையில்லை. “இதுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நானே பொட்டு வைத்துவிடலாம் என்று மை டப்பாவைத் திறந்தேன். விரலில் மையும் தொட்டாயிற்று.

அங்கே அவள் மாட்டின் மேல் பட என் கண் இருந்தது. இதன் மேல் பட யார் கண் இருக்கிறது? விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.